தரை எது, மாடி எது?

“ஆறு மணிக்கு எல்லாரும் கீழே தெருவுக்கு வந்துடுங்க.” குழுவை அழைத்துப் போகிறவர் இப்படிச் சொன்னால் வேறு எந்த ஊரிலும் குழப்பம் வராது. சீனாவின் சோங்சிங் நகரில் வரும். ஆற்றங்கரையில் பாறையை ஒட்டி எழும்பி நிற்கும் ஹோங்யாதோங் கட்டிடத்தின் முதல் மாடியில் வெளியே வந்தால் சாலை. பதினோராவது மாடியில் வெளியே வந்தாலும் சாலைதான். அங்கேயும் கார் ஓடுகிறது, கடை இருக்கிறது, ஆட்கள் நடக்கிறார்கள். குழுவில் பாதிப் பேர் மேலே நிற்பார்கள், மீதிப் பேர் கீழே நிற்பார்கள். இரண்டு தரப்பும் செல்போனில், “நாங்க தெருவுலதான் நிக்கிறோம்” என்று சத்தியம் செய்யும். இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

பெய்ஜிங்குக்கும் ஷாங்காய்க்கும் போய் வந்தவர்கள் அகலமான சாலையைப் பற்றியும் உயரமான கோபுரங்களைப் பற்றியும் பேசுவார்கள். சோங்சிங்குக்குப் போய் வந்தவர்கள் முழங்கால் வலியைப் பற்றிப் பேசுவார்கள். தென்மேற்குச் சீனாவில், யாங்சி ஆறும் ஜியாலிங் ஆறும் கலக்கும் முனையில், மலைச்சரிவின் மேலேயே கட்டப்பட்ட ஊர் இது. சீனர்களே இதை ‘மலை நகரம்’ என்றும் ‘மூடுபனி நகரம்’ என்றும் அழைக்கிறார்கள். 1997இல் சிச்சுவான் மாகாணத்திலிருந்து பிரித்து, பெய்ஜிங் போல நேரடியாக மத்திய அரசின் கீழ் கொண்டுவந்தார்கள். அதன் பரப்பு சுமார் 82,400 சதுர கிலோமீட்டர். இலங்கையை விடப் பெரியது. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 3.2 கோடி. இந்த எண்ணை வைத்துக்கொண்டு ‘உலகின் மிகப் பெரிய நகரம்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது சரியில்லை. அந்த எல்லைக்குள் மலையும் வயலும் சிற்றூர்களும் ஏராளம். நகரம் என்று கண்ணுக்குத் தெரிவது அதற்குள் ஒரு பகுதிதான். அதுவே சென்னையைப் போன்ற பெருநகரம்.

சென்னையைச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2015 மே மாதம் இந்தியப் பிரதமர் சீனா சென்றபோது கையெழுத்தான உடன்பாடுகளில் ஒன்று, சென்னையையும் சோங்சிங்கையும் சகோதர நகரங்களாக அறிவித்தது. இரண்டுக்கும் பொருத்தம் உண்டு. இரண்டுமே கார் தயாரிக்கும் ஊர்கள். சோங்சிங் மோட்டார் சைக்கிளுக்கும் பேர்போனது. வெயிலிலும் ஒன்றுக்கொன்று சளைத்தவை இல்லை. ஆனாலும் சென்னையில் பத்துப் பேரைக் கேட்டால் இப்படி ஒரு உடன்பிறப்பு இருப்பதாக ஒருவராவது சொல்வாரா என்பது சந்தேகம்தான்.

இரு நாடுகளுக்கும் இடையே குழுப் பயணங்கள் புதிதல்ல. 2006 நவம்பரில் சீன அதிபர் ஹு ஜிந்தாவோ டெல்லி வந்தபோது வெளியான கூட்டறிக்கை, அடுத்த ஐந்தாண்டுகளில் 500 இந்திய இளைஞர்களைச் சீனா அழைக்கும் என்றது. பிறகு மாணவர்கள், பத்திரிகையாளர்கள், நகராட்சி அதிகாரிகள், தொழில்முனைவோர் என்று பல குழுக்கள் போய்வந்தன. 2020இல் எல்லாம் நின்றது. நிறுத்தப்பட்ட நேரடி விமானங்கள் 2025 அக்டோபர் இறுதியில்தான் மறுபடி பறக்கத் தொடங்கின. இனிப் போகப்போகிறவர்கள் பலர் சீனாவை முதல்முறை பார்ப்பவர்களாக இருப்பார்கள். அவர்கள் எதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

ஏனென்றால் குழுப் பயணத்துக்கு என்று ஒரு தடம் இருக்கிறது. விமான நிலையத்தில் கொடியோடு ஒருவர் நிற்பார். பேருந்து வரும். நகரத் திட்டக் காட்சிக்கூடம், ஒரு தொழிற்சாலை, ஒரு பல்கலைக்கழகம் என்று பார்த்து முடித்தால், இரவில் சுழல் தட்டு வைத்த வட்ட மேசையில் விருந்து. கோப்பையைத் தூக்கி “கான்பெய்” என்பார்கள். ஒரே மூச்சில் காலி செய்ய வேண்டும் என்று பொருள். குடிக்காதவர்கள் தேநீரைத் தூக்கலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். வரவேற்புரையில் டாக்டர் கோட்னிஸ் பெயர் அநேகமாக வரும். 1938இல் காங்கிரஸ் அனுப்பிய ஐந்து மருத்துவர்களில் ஒருவர் அவர், சோலாப்பூர்க்காரர். யானான் நகருக்குப் போகும் வழியில் அந்தக் குழு சோங்சிங்கில்தான் தங்கியிருந்தது. கோட்னிஸ் ஊர் திரும்பவில்லை, 1942இல் சீன மண்ணிலேயே இறந்தார். இந்தியாவில் மறந்துபோன அவரைச் சீனாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

விருந்து முடிந்ததும் ஆற்றங்கரையில் விளக்கு அலங்காரம். அத்தனை கோபுரங்களும் ஒளிரும். கைப்பேசிகள் எல்லாம் உயரும். அடுத்த நாள் லிசிபா.

லிசிபாவை வீடியோவில் பார்க்காதவர்கள் குறைவு. பத்தொன்பது மாடிக் குடியிருப்பு ஒன்றின் நடுவில் ஓட்டை. அதற்குள் ரயில் நுழைந்து மறுபக்கம் வெளியே வருகிறது. ஆறாவது மாடி முதல் எட்டாவது மாடி வரை ரயில் நிலையம். அதற்கு மேலே குடும்பங்கள் குடியிருக்கின்றன. எதிரே சாலையில் இதைப் பார்ப்பதற்கென்றே மேடை கட்டியிருக்கிறார்கள். அங்கே நிற்பவர்கள் வாயைத் திறந்து, ரயிலை விழுங்குவது போலப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

படத்தில் வராத சங்கதி வேறு. ஒருபக்கம் செங்குத்தான பாறை, மறுபக்கம் ஜியாலிங் ஆறு; இடையில் இருப்பது ஒரு பட்டை நிலம். ரயிலுக்கு ஒதுக்கினால் வீடு கட்ட இடமில்லை, வீட்டுக்கு ஒதுக்கினால் ரயிலுக்கு இடமில்லை. அதனால் கட்டிடத்தையும் நிலையத்தையும் ஒரே சமயத்தில் வடிவமைத்துக் கட்டினார்கள். ரயில் தடத்தின் தூண்கள் தனி, கட்டிடத்தின் தூண்கள் தனி. ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விட்டிருக்கிறார்கள். அதனால் ரயிலின் அதிர்வு வீட்டுச் சுவருக்குப் போகாது. ஓடுவதும் இரும்புச் சக்கரத்தில் அல்ல. ஒற்றைக் கான்கிரீட் தடத்தைக் கால்போட்டுக் கவ்வியபடி, ரப்பர் டயரில் ஓடும் மோனோரயில் அது. செங்குத்தான ஏற்றமும் சின்ன வளைவும் அதற்குச் சுலபம், சத்தமும் குறைவு. சீனாவில் இந்த வகை ரயில் முதலில் ஓடியது லிசிபா வழியாகப் போகும் இந்த இரண்டாம் மெட்ரோ தடத்தில்தான். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்திலும் திருமங்கலத்தில் கட்டிடத்துக்குள் ரயில் நுழைந்து போகும் நிலையம் ஒன்று திட்டமிடப்பட்டது. அப்படிப்பட்ட ஊரிலிருந்து போகும் பொறியாளர்கள் செல்ஃபி எடுத்த கையோடு அந்த இடைவெளியையும் அண்ணாந்து பார்த்துவிட்டு வரவேண்டும்.

லிசிபாவுக்கு அரை நாள் ஒதுக்கும் பயண ஏற்பாட்டாளர்கள் பாய்ஷியாங்ஜுவுக்கு நேரம் ஒதுக்குவதில்லை. பெயருக்கு ‘வெள்ளை யானை இல்லம்’ என்று பொருள். 1980களில் கட்டத் தொடங்கிய, இருபத்து நான்கு மாடிக் குடியிருப்பு. லிஃப்ட் கிடையாது. தலை சுற்றுகிறதா? மலைச்சரிவில் சாய்ந்து நிற்பதால் முதல் மாடியில் ஒரு வாசல், பத்தாவது மாடியில் ஒரு வாசல், பதினைந்தாவது மாடியில் ஒரு வாசல். மூன்றும் மூன்று தெருக்களுக்குத் திறக்கின்றன. ஆக, இருபத்து நான்காவது மாடிக்காரர் பதினைந்தாவது மாடித் தெருவிலிருந்து ஒன்பது மாடி ஏறினால் போதும். ஒன்பது மாடி! காய்கறிப் பையோடு, கேஸ் அடுப்போடு, மூட்டுவலியோடு. நடைபாதையில் துணி காய்கிறது, தொட்டியில் வெங்காயத்தாள் வளர்கிறது, கதவு திறந்திருக்கும் வீட்டில் மாஜோங் ஆட்டக் கட்டைகளின் சத்தம் கேட்கிறது. சினிமாக்காரர்கள் வந்து படமெடுத்ததில் இந்த இடம் பிரபலமாகி, இப்போது வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் அதிகம். அங்கே இருக்கிறவர்களுக்கு அது வீடு. போகிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு போவதுதான் மரியாதை.

இந்த ஊரின் சங்கதியே படிதான். வீட்டுக்குப் போகப் படி, சந்தைக்குப் போகப் படி, பேருந்து நிறுத்தத்துக்குப் போகப் படி. சைக்கிள்களின் தேசம் என்று பெயரெடுத்த சீனாவில், சைக்கிளையே அதிகம் பார்க்க முடியாத பெருநகரம் இது. கைப்பேசியின் வரைபடம் ‘சேரவேண்டிய இடத்துக்கு வந்துவிட்டீர்கள்’ என்று சொல்லும். வந்திருப்போம், ஆனால் அந்தக் கடை தலைக்கு மேலே நாற்பது மீட்டர் உயரத்தில் இருக்கும். ஹுவாங்ஜுவேவான் என்ற சாலைச் சந்திப்பில் ஐந்து அடுக்குகள், இருபது கிளைப் பாதைகள். ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் ஊரைச் சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும். ஏறுவதற்கு முடியாதவர்களுக்காக நகரமும் என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறது. யாங்சி ஆற்றைக் கடக்க 1987 முதல் ரோப் கார் ஓடுகிறது. ரயில் நிலையத்தையும் மேட்டுத் தெருவையும் இணைக்க 1996இல் 112 மீட்டர் நீளத்துக்கு நகரும் படிக்கட்டு அமைத்தார்கள். சின்னக் கட்டணம் கொடுத்து ஏறிக்கொள்ளலாம்.

அதற்கு முன்பு மனிதத் தோள்தான் இருந்தது.

தடித்த மூங்கில் கழி ஒன்று, இரண்டு கயிறு. இவ்வளவுதான் கருவி. நம் பேச்சில் சொன்னால் காவடி. கழியின் இரு முனையிலும் சுமையைக் கட்டி, நடுவில் தோளைக் கொடுத்துத் தூக்கி, கழி வளைந்து நிமிரும் தாளத்துக்கே அடி எடுத்து வைத்துப் படி ஏறுவார்கள். சோங்சிங்கில் அவர்களுக்குப் ‘பாங்பாங்’ என்று பெயர். பாங் என்றால் கழி. 1980களில் சீர்திருத்தம் வந்து வணிகம் பெருகியபோது, சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து விவசாயிகள் பெரும்படையாக வந்து இந்த வேலையில் இறங்கினார்கள். சாவ்தியன்மென் படித்துறையில் கப்பலிலிருந்து இறங்கிய துணி மூட்டை, தொலைக்காட்சிப் பெட்டி, குளிர்பெட்டி எல்லாம் இவர்கள் தோளில்தான் ஊருக்குள் ஏறின. இன்று உச்சியில் மினுங்கும் நகரத்தின் சாமான்களில் பாதி அப்படி வந்தவைதான். 1990களில் இவர்களை வைத்து ஒரு தொலைக்காட்சித் தொடரே வந்து வீடு வீடாக ஓடியது. பிறகு லிஃப்ட் வந்தது, பாலம் வந்தது, வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுக்கும் மோட்டார் சைக்கிள் பையன்கள் வந்தார்கள். கழி தூக்கும் இளைஞர்கள் இல்லை. இப்போதும் மொத்தச் சந்தைப் பக்கம் போனால் நரைத்த தலையோடு சிலர், கழியைப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு, கூப்பிடுகிற குரலுக்காகப் படியில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். கைப்பிடிக்கும் இடத்தில் அந்த மூங்கில் வழவழவென்று எண்ணெய் தடவியது போல மின்னும். குழுக்களை அழைத்துப் போகிறவர்கள் காட்டவேண்டிய இடங்களில் முதலிடம் இந்தப் படிக்குத்தான். காட்சிக்கூடத்தில் இருக்கும் நகரப் பொம்மையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இதே தோள்களின் பசிதான் ஊரின் புகழ்பெற்ற சாப்பாட்டையும் உண்டாக்கியது. படகோட்டிகளும் சுமைக்காரர்களும் பணக்காரர் ஒதுக்கிய குடல், இரைப்பை, இரத்தக்கட்டி ஆகியவற்றை மலிவாக வாங்கி, காரக் குழம்பில் போட்டுக் கொதிக்கவைத்துத் தின்றார்கள். அதுவே ‘ஹுவோகுவோ’, அதாவது கொதிசட்டி. அதன் பழைய பாணியில் சட்டிக்குள் ஒன்பது கட்டமாகப் பிரித்த சட்டம் ஒன்று இருக்கும். ஒரே அடுப்பு, ஒரே குழம்பு, ஆனால் நடுக்கட்டத்தில் கொந்தளிக்கும், ஓரக் கட்டத்தில் நிதானமாகக் கொதிக்கும், மூலைக் கட்டத்தில் மெதுவாக வேகும். முன்பின் தெரியாதவர்கள் ஒரே சட்டியைப் பகிர்ந்து, அவரவர் கட்டத்தில் அவரவர் துண்டை வேகவைத்துச் சாப்பிட்டதாலும் இந்தக் கட்டம் வந்தது என்கிறார்கள். மாட்டு இரைப்பையை நடுக்கட்டத்தில் ‘ஏழு தூக்கு, எட்டு முக்கு’ என்ற கணக்கில் முக்கி எடுக்க வேண்டும். கூட முக்கினால் ரப்பர். எடுத்ததை நல்லெண்ணெயும் நசுக்கிய பூண்டும் கலந்த கிண்ணத்தில் தோய்த்தால் காரம் சற்று அடங்கும்.

நல்லெண்ணெய் வாசனையும் மிளகாய் நெடியும் வந்தவுடன் தமிழர்களுக்கு நம்ம ஊர் என்று தோன்றிவிடும். மிளகாய் இரண்டு பக்கத்துக்குமே வந்தேறிதான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16ஆம் நூற்றாண்டில் கப்பலேறி வந்தது. ஆனால் காரம் தாங்குவேன் என்று மார்தட்டுகிறவர்களும் ஒரு இடத்தில் திகைப்பார்கள். சிச்சுவான் மிளகு என்கிற ‘ஹுவாஜியாவ்’ நம் மிளகுக்கு உறவில்லை; எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. கடித்ததும் எரிச்சல் வராது. உதடும் நாக்கும் விறுவிறுத்து மரத்துப்போகும், பல் மருத்துவரின் ஊசி போட்டது மாதிரி. இந்த மரப்புக்கு ‘மா’, எரிச்சலுக்கு ‘லா’. இரண்டும் சேர்ந்தது ‘மாலா’. சைவக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சிவந்து கொதிக்கும் அந்தக் குழம்பின் அடிப்படையே மாட்டுக் கொழுப்பு. காய்கறியை அதில் போட்டால் அது சைவமாகாது. காளான் சாறு ஊற்றிய தனிச் சட்டி கேட்டால் கொடுப்பார்கள். ‘வோ ச்சு சு’ என்ற மூன்று சொற்களை, அதாவது ‘நான் சைவம்’ என்பதை, சீன எழுத்தில் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் பாதிக் கவலை தீரும். மீதிக் கவலைக்கு வழி, கிளம்பும் முன்பே வீசாட் செயலியைக் கைப்பேசியில் பதிந்துகொள்வது. உள்ளூர் வைஃபையில் வாட்ஸ்அப்பும் கூகுளும் இயங்காது. நூடுல்ஸ் கடையில்கூட க்யூஆர் சதுரத்தைக் காட்டித்தான் காசு வாங்குவார்கள். ஜிபே பழகிய கைக்கு அது ஒன்றும் புதிதில்லை.

கொதிசட்டிக் கடைகளில் சில, பாறைக்குள் குடைந்த சுரங்கங்களில் இருக்கின்றன. கோடையில் உள்ளே குளுகுளுவென்று இருக்கும். அந்தச் சுரங்கத்தை எதற்கு வெட்டினார்கள் என்பதைக் கேட்ட பிறகு சாப்பாடு சட்டென்று தொண்டையில் இறங்காது.

1937இல் ஜப்பானியப் படை முன்னேறி வந்தபோது, சீன அரசு தலைநகரை நான்ஜிங்கிலிருந்து சோங்சிங்குக்கு மாற்றியது. தரைப்படையால் மலையைத் தாண்டி வர முடியவில்லை. விமானங்கள் வந்தன. 1938 பிப்ரவரி முதல் 1943 ஆகஸ்ட் வரை குண்டு பொழிந்தது. குளிர்காலத்தில் மூடுபனி ஊரை மறைத்துக் காத்தது. பனி விலகும் வசந்தத்தில் மறுபடி தாக்குதல் தொடங்கும். 1939 மே 3, 4 ஆகிய இரண்டே நாளில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். மக்கள் பாறையைக் குடைந்து குடைந்து ஒளிந்துகொண்டார்கள். 1941 ஜூன் 5 அன்று, கொள்ளளவுக்கு மேல் கூட்டம் புகுந்த சுரங்கம் ஒன்றில் காற்றில்லாமல் மூச்சுத் திணறியும் மிதிபட்டும் பெருந்திரளானவர்கள் மாண்டார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் நகரமெங்கும் அபாயச் சங்கு ஒலிக்கிறது.

அந்தக் குண்டுவீச்சை நேரில் பார்த்த இந்தியர்களில் ஒருவர் ஜவாஹர்லால் நேரு. 1939 ஆகஸ்டில் விமானத்தில் ‘சுங்கிங்’ வந்திறங்கினார். அன்று உலகம் இந்த ஊரை அப்படித்தான் எழுதியது. வந்த இடத்தில் சங்கு ஒலிக்க, மற்றவர்களோடு அவரும் சுரங்கத்தில் இறங்கி உட்கார நேர்ந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் ஐரோப்பாவில் போர் மூண்டதும் பயணத்தைச் சுருக்கிக்கொண்டு ஊர் திரும்பினார். பரிமாற்றக் குழுக்களின் நிகழ்ச்சி நிரலில் நேரு இறங்கிய ஊர் என்று ஒரு வரி இருந்தால் நன்றாக இருக்கும்.

அதே சுரங்கங்களில் பலவற்றை இப்போது கோடையில் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். பெஞ்சு, குடிநீர் எல்லாம் உண்டு. வீட்டில் வெக்கை தாங்காத முதியவர்கள் விசிறியோடு வந்து உட்கார்ந்து சீட்டாடுவார்கள். யாங்சிக் கரையின் ‘உலைகள்’ என்று பேர்வாங்கிய ஊர்களில் சோங்சிங்கும் ஒன்று. 2022 ஆகஸ்ட் 18 அன்று அதன் பெய்பெய் பகுதியில் வெப்பம் 45 டிகிரியைத் தொட்டது. சில நாட்களில் மலைக்காடு தீப்பற்றியது. தீயணைப்பு வண்டியால் ஏற முடியாத சரிவு. அப்போது ஊர்ப் பையன்கள் மோட்டார் சைக்கிளோடு வந்து சேர்ந்தார்கள். முதுகில் மூங்கில் கூடையை மாட்டி, அதில் தண்ணீர்ப் புட்டியும் தீயணைப்பான் உருளையும் நிரப்பி, புழுதிச் சரிவில் இரவும் பகலும் ஏறி இறங்கினார்கள். பாங்பாங் தலைமுறையோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்த வேலையைப் பேரன்கள் தலைமுறை எடுத்துச் செய்ததைச் சீனா முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்தது.

குழு ஊர் திரும்பும் நாளன்று விடியற்காலையில் வழக்கமாக ஒரு வேலையும் இருக்காது. மூட்டை கட்டிவிட்டுக் காலை உணவுக்குக் காத்திருப்பார்கள். அந்த நேரத்தில் நான்காம் மெட்ரோ தடத்தில் ஏறிப் பார்க்கலாம். நகரத்துக்கு வெளியே அந்தத் தடத்தில் ஷிச்சுவான் என்று ஒரு நிலையம். காலை ஆறரை மணி வாக்கில் முதல் ரயில் வரும் முன்பே, சுற்றுக் கிராமத்து விவசாயிகள் வந்து கதவு திறக்கக் காத்திருப்பார்கள். பெரும்பாலும் அறுபது, எழுபது வயதுக்காரர்கள். முதுகில் மூங்கில் கூடை, சிலர் தோளில் கழி. அன்று பறித்த கீரை, பூசணி, மண் ஒட்டிய முள்ளங்கி. பளபளக்கும் ரயில் பெட்டியின் தரையில் கூடைகளை வரிசையாக இறக்கி வைத்துவிட்டு, கீரையின் வாடிய இலையைக் கிள்ளிப் போட்டுக்கொண்டே விலை பேசிக்கொள்வார்கள். கூடையைப் பெட்டிக்குள் அனுமதிக்கலாமா என்ற பேச்சு எழுந்தபோது, மெட்ரோ நிர்வாகம் அவர்களைத் தடுக்கவில்லை. அதற்குக் ‘கூடை ரயில்’ என்றே பேர் வந்துவிட்டது. அலுவலகக் கூட்டம் ஏறத் தொடங்கும் நிலையங்களில் அவர்கள் ஒருவர் கூடையை மற்றவர் பிடித்துத் தூக்கிவிட, முதுகில் மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். வெளியே வந்ததும் படி.